கடல் இல்லாத மேப்பு

ஸ்ரீவராகம் தெருவில் பென்ஷன் வாங்குகிற பதினோரு பேர் கூடி ஒரு சபை வைத்திருந்தார்கள். மற்ற ஊர்களில் வேலையற்றவர்கள் சீட்டாடுவார்கள். இவர்கள் தீர்மானம் போட்டார்கள். ஹோட்டலில் காப்பி குடித்தவனுக்கு என்ன பிராயச்சித்தம், கிராப்பு வெட்டிக்கொண்டவன் பந்தியில் எந்தக் கோடியில் உட்காருவது, எல்லாவற்றுக்கும் ஒரு ஃபைல், அதற்கு ஒரு நம்பர், அடியில் பதினோரு பேருடைய கையெழுத்து ஒப்பு. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பார்கள். ஃபைல் கட்டின கை மட்டும் சும்மா இருக்குமா?

சபைக்குத் தலைவர் சேஷன். ஒரு சர்க்கார் கச்சேரியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். ரெக்கார்டில் இல்லாதது உலகத்தில் இல்லை என்பது அவருடைய வேதாந்தம். வித்துரா ரோட்டில் ஒரு மரப்பாலம் வெள்ளத்தில் போய்விட்டது என்று சந்தை வியாபாரிகள் மனுப் போட்டபோது, ரெக்கார்டுப்படி பாலம் இருக்கிறது, ஆகவே மனுதாரர்கள் அதன் வழியாகவே போய்வரலாம் என்று பதில் தயார் பண்ணின மகானுபாவர் அவர். அதற்காக அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனுஷர். பேனாவை எடுத்தால்தான் இந்தக் கோளாறு.

அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் விஜயம். மாப்பிள்ளை நாகேஸ்வரன் இலங்கையில், கண்டியில், ஒரு தேயிலைக் கம்பெனியில் வேலை பார்த்தான். அதுதான் வினை. அந்தக் காலத்தில் கடல் கடந்தவன் ஜாதிக்கு ஆகாதவன். கோயிலுக்குள் போகக்கூடாது, பந்தியில் உட்காரக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் லீவில் வந்தபோது சபை ஃபைல் போட்டது. தலைவர் என்ற முறையில் சேஷனே ஒப்பு வைத்தார். வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சொந்த மாப்பிள்ளைக்கு மாட்டுக்கொட்டிலை ஒட்டின சாய்ப்பில் இலை போட்டார். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். ரசம் நன்றாக இருக்கிறது என்று மாமியாரிடம் சொன்னான். மறுநாள் காலை வண்டியேறிப் போய்விட்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் சேஷன் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐப்பசிக்குள் விஜயத்தை அனுப்பி வையுங்கள், தனுஷ்கோடிக்கு நானே கப்பலில் வந்து காத்திருக்கிறேன், அனுப்ப முடியாது என்றால் இனிமேல் நான் கேட்க மாட்டேன். இவ்வளவுதான். அதைப் படித்ததும் சேஷனுடைய மனைவி அனந்தலக்ஷ்மி அடுக்களை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சண்டை போடுகிற மாப்பிள்ளையைச் சமாதானம் பண்ணலாம். இனிமேல் கேட்க மாட்டேன் என்கிறவனை என்ன பண்ணுவது? இருபது வயசுப் பெண்ணை வாழாவெட்டியாக வைத்துக்கொண்டு, சபைத் தலைவர் பட்டத்தை நாக்கில் தடவிக்கொள்வதா என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். சேஷனுக்குத்தான் அதற்கு ஃபைல் கிடைக்கவில்லை.

கடிதத்தோடு ஒரு தகரக் குழலும் வந்திருந்தது. உள்ளே மூன்று மேப்பு. கண்டியில் குடித்தனம் வைத்ததும் தீவு முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன், எந்த மேப்பு உனக்குச் சரிப்படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்து வை என்று விஜயத்துக்கு எழுதியிருந்தான். விஜயம் நாலாம் பாரம் வரை இங்கிலீஷ் படித்தவள். மூன்றையும் கூடத்தில் விரித்து, பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் செம்பு, படி, அம்மிக்குழவி என்று பாரம் வைத்து, மண்டியிட்டுப் பார்த்தாள். பார்க்க வேண்டாம் என்று தீர்மானித்துக்கொண்டு சேஷனும் அந்தப் பக்கமாக ஏழெட்டுத் தடவை நடந்தார்.

முதலாவது கப்பல்காரன் அச்சடித்தது. நாலு வர்ணம். தீவு உள்ளங்கை அளவு, சுற்றிலும் முழ முழமாகக் கடல். கரும்நீலக் கடல், இளநீலக் கடல், அதில் திமிங்கிலம், புகைவிடும் கப்பல், கப்பல் போகிற வழியெல்லாம் சிவப்புப் புள்ளி. கடலை விற்கிறவன் கடலைக் குறைத்தா போடுவான்?

இரண்டாவது சர்வே பண்ணி எழுதினது. மலைக்கு மலை உயரம், ஆற்றுக்கு ஆறு பெயர், எந்த ரோட்டில் மாட்டுவண்டி போகும், எதில் போகாது, எந்த இடத்தில் சத்திரம், எங்கே நல்ல தண்ணீர், ஒன்று பாக்கியில்லை. விஜயத்துக்கு அதை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. ஆனால் அந்த மனுஷன் கடலையும் விட்டு வைக்கவில்லை. ஆழத்தை அளந்து இடத்துக்கு இடம் இலக்கம் போட்டிருந்தான். சும்மா கிடக்கிற கடலே பாதகம். அளந்து எழுதின கடலுக்கு சபை என்ன சொல்லும்?

மூன்றாவது, கொழும்பில் ஒரு ஹோட்டல்காரன் துரைமார்களுக்காக அச்சடித்த இனாம் மேப்பு. மெட்ராஸிலிருந்து தடிமனாக ஒரு கறுப்பு ரயில் கோடு. மதுரை, தனுஷ்கோடி, அப்புறம் நேரே தீவுக்குள் புகுந்து, கண்டியைத் தொட்டு, கொழும்பில் அவனுடைய ஹோட்டல் வாசலில் போய் நின்றது. நடுவில் அறுபடவே இல்லை. துரை வந்து சேர்ந்தால் போதும், எதில் வந்தால் அவனுக்கு என்ன? கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் அறை வாடகையும் சாப்பாட்டு நேரமும் கட்டம் கட்டிப் போட்டிருந்தான். மறுபக்கம் பெரிய யானை.

சேஷன் எட்டாவது தடவை நடந்தபோது நின்றுவிட்டார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். தனுஷ்கோடிக்கு அந்தப்பக்கம் கடல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? பிறந்த குழந்தைக்குத் தெரியும். ஆனால் அச்சடித்த காகிதம், மேலே இங்கிலீஷ், கீழே அச்சாபீஸ் பெயர். முப்பது வருஷக் குமாஸ்தாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எது வேண்டும் என்று பெண்ணைக் கேட்டார். விஜயம் சர்வே மேப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, யானை மேப்பை அப்பா பக்கம் நகர்த்தினாள்.

"போறதுக்கு எனக்கு இது வேணும்ப்பா. போகவிடறதுக்கு உங்களுக்கு அது வேணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஜனை மடத்தில் சபை கூடியது. வயிறு நிறைந்த வேளை. வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. காரியதரிசி சுந்தரராமன் விஷயத்தைப் படித்தார். கண்டிக்கு ரயில் மார்க்கம் இருப்பதாகத் தெரியவருவதால், அம்மார்க்கமாகச் செல்லும் ஸ்திரீக்கு சமுத்திர தோஷம் உண்டா, இல்லையா? யானை மேப்பு கைக்குக் கை போயிற்று. இலங்கை யானைக்குக் கொம்பு உண்டோ என்று கால் மணி நேரம் வாதம் நடந்தது. ஹோட்டலில் காப்பி காலை ஆறரைக்கே கொடுத்துவிடுகிறான் என்பதை ஒருவர் கண்டுபிடித்து எல்லாருக்கும் படித்துக் காட்டினார். கடல் என்ற வார்த்தையை ஒரு மனுஷன் வாயால் சொல்லவில்லை. சேஷனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நல்லவர்கள். அவரவருக்கும் பெண் இருந்தது.

ஒரே ஒருவர் மட்டும் மேப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விடவே இல்லை. வெங்கடசுப்ரமணியன். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தாசில்தாருக்கு மேல் ஒரு ஹெட் கிளார்க் தலைவராக இருப்பதா என்று ஆறு வருஷமாக உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தவர். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அது சரி, இந்த யானைக்கு அடியிலே என்ன இருக்கு?"

தாசில்தார் துணிப்பையிலிருந்து பேரனுடைய பள்ளிக்கூட அட்லாஸை எடுத்தார். தாளைப் புரட்டி நடுவில் வைத்தார். தனுஷ்கோடி மூக்கு நுனி, அந்தப் பக்கம் தீவு, நடுவில் பளிச்சென்று நீலம். யானை கீனை ஒன்றும் இல்லை. சேஷன் இத்தோடு முடிந்தது என்று நினைத்தார். குழந்தை விஜயம் மூலைக்கு மூலை செம்பும் படியும் வைத்து மண்டியிட்டிருந்தது கண்ணில் வந்து நின்றது.

அழக்கூடாதே என்று அவர் அட்லாஸையே வெறித்துப் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஊர்ப் பெருமாள் பத்மநாபன் அவர் கண்ணைத் திறந்துவிட்டான். அவர் மெதுவாக, பழைய கச்சேரிக் குரலில், ஒரு சந்தேகம் கேட்டார். இந்த நீலம் என்ன? கடல் என்றார் தாசில்தார். நீலம் என்றால் கடல், எழுதிக்கொள்ளுங்கள் என்று காரியதரிசியிடம் சொன்னார் சேஷன். சுந்தரராமன் எழுதினார். எழுதி முடிக்கிறவரை சேஷன் காத்திருந்தார். பிறகு விரலைத் தாளின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், கொல்லத்துக்கு வடக்கே வைத்தார்.

"அப்போ இது?"

எல்லாரும் குனிந்தார்கள். அங்கேயும் நீலம். அதே நீலம். கொல்லத்துக் காயல் என்கிற உப்பங்கழி, அதற்கு மேலே வேம்பநாட்டுக் காயல், வைக்கம் வரைக்கும் கடலுக்குப் போட்ட அதே மையைத்தான் அட்லாஸ்காரன் போட்டிருந்தான். வள்ளக்கடவில் வள்ளம் ஏறி, கால்வாயும் காயலுமாகப் போய் வைக்கத்து அஷ்டமி தொழாதவன் அந்த மடத்தில் ஒருத்தனும் இல்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இருபத்திரண்டு வருஷம் போனவர். விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுக் கையைப் பிசைந்தார். தாசில்தாரோ வைக்கத்தில் மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்தவர். வாரா வாரம் வள்ளத்தில் முகாம் போனவர். கணக்குப் பார்த்தால், ஸ்ரீவராகத்திலேயே அதிகம் தடவை சமுத்திரம் கடந்த மகாபாதகர் அவர்தான்.

காயல் வேறு, கடல் வேறு என்று அவர் கத்தினார். மேப்பிலே ஒரே வர்ணமாச்சே என்றார்கள். தண்ணீர் உப்பாச்சே என்றார் இன்னொருவர். காயல் கடலில் விழுகிற அழிமுகத்தில் இரண்டும் ஒன்றாகத்தானே கலக்கிறது என்றார் மூன்றாமவர், கலவரத்தோடு. பதினோரு குடும்பமும் பஞ்சகவ்யம் குடிக்க எத்தனை பசு வேண்டும் என்ற அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் எல்லாருமாக அட்லாஸ்மேல் பாய்ந்தார்கள். அது வெள்ளைக்காரக் குழந்தைகளுக்காக எழுதினது, ஆசாரம் தெரியாதவன் எழுதினது, ஸ்ரீவராகம் என்ற பெயரே அதில் இல்லை, தொலையட்டும் என்றார்கள். ஐம்பத்தேழாவது தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இலங்கை சம்பந்தப்பட்டவரை யானை போட்ட மேப்பே பிரமாணம். அதன்படி கண்டிக்கு ரயில் மார்க்கம் இருக்கிறது. ரயிலில் போகிறவளுக்கு தோஷம் இல்லை. தாசில்தாரும் ஒப்பு வைத்தார். வைக்காமல் என்ன செய்வார்?

ஆனால் அடிபட்ட பாம்பு சும்மா போகுமா? எழுந்திருக்கும் சமயம் அவர் ஒரே ஒரு ஷரத்துச் சேர்க்கச் சொன்னார். சின்ன ஷரத்துதான். தலைவர் நேரில் தனுஷ்கோடி வரை போகவேண்டியது. பெண் கப்பலேறினதைத் தம் கண்ணால் காணவில்லை என்று கைப்பட எழுதி சபையில் தாக்கல் செய்யவேண்டியது. எழுத முடியாவிட்டால் தீர்மானம் ரத்து. பெண்ணுக்கும், அவளை அனுப்பின வீட்டாருக்கும் பந்தியும் கோயிலும் கிடையாது.

மனுஷனை மனுஷனுக்குத் தெரியும். சேஷன் எதை வேண்டுமானாலும் வளைத்து எழுதுவார், நெளித்து எழுதுவார். ஆனால் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத அவருக்குக் கை வராது. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு பொய் வரி எழுதினதில்லை. பொய் சொன்னால் வாய் அழுகும் என்றால், பொய் எழுதினால் குலமே அழுகும் என்று நம்புகிற பிராணி அது. தாசில்தார் அதைத் தெரிந்துகொண்டுதான் சுருக்குப் போட்டார்.

வீட்டில் அனந்தலக்ஷ்மிக்குத் தலைகால் புரியவில்லை. அப்பளம், சாம்பார்ப்பொடி, கடுகுமாங்காய், மூன்று ஜாடி நார்த்தங்காய் என்று கட்டித் தள்ளினாள். கண்டியில் புளி கிடைக்காது என்று யாரோ சொல்லப்போக, இரண்டு துலாம் புளி வாங்கி உருட்டினாள். விஜயம் பென்சிலை நாக்கில் தொட்டு சர்வே மேப்பில் குறி போட்டுக்கொண்டிருந்தாள். நுவரெலியா, அனுராதபுரம், காலி. சேஷன் மட்டும் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். ஷரத்தைப் பெண்ணிடம் மட்டும் சொன்னார். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். நான் போகலைப்பா என்று ஒரு தடவை சொன்னாள். அவர் கேட்காததுபோல் எழுந்து போய்விட்டார்.

ரயில் ஊர் எல்லையில் சாக்கைக்கு வந்து அப்போது மூன்று வருஷம்கூட ஆகவில்லை. துணைக்கு நயினார் பிள்ளை வந்தார். சாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிற நாஞ்சில் நாட்டுக்காரர். வருஷத்துக்கு நாலு தடவை கொழும்பு போய்வருகிறவர். இந்தத் தடவை தனுஷ்கோடியில் சரக்கு எடுக்கவேண்டியிருந்தது. தீர்மானத்தை வண்டியில் சேஷன் வாயால் கேட்டு, சிரிப்பை அடக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கொல்லம், செங்கோட்டை, திருநெல்வேலி, மதுரை என்று இறங்கி ஏறி, மூன்றாம் நாள் பாம்பன் பாலத்துக்கு வந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் கடல் நுரைத்தது. காற்று அதிகம் என்று சொல்லி சேஷன் தம் பக்கத்து மரக்கதவை இழுத்துவிட்டார். விஜயம் தன் பக்கத்தைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பெற்றவருக்கு அந்த முகத்தைப் பார்க்க ஆசை, அவளைத் தாண்டித் தெரிகிற தண்ணீரைப் பார்க்க பயம்.

தனுஷ்கோடியில் வண்டி கடலுக்குள் நீட்டின பாலத்தில் போய் நின்றது. அந்தப் பக்கம் ரயில், இந்தப் பக்கம் கப்பல், நடுவில் நாலு எட்டு வைக்கிற அகலம். சுட்டெரிக்கிற வெயில். கப்பலின் மேல்தட்டில் நாகேஸ்வரன் நின்றுகொண்டிருந்தான். மாமனார் கண்ணில் படக்கூடாது என்று அவனுக்கும் கடிதம் போயிருந்தது போலிருக்கிறது. தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, ஆனால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். சாமான் ஏறியாயிற்று. புளி மூட்டையும் ஏறியாயிற்று.

விஜயம் கொதிக்கிற பலகையில் விழுந்து நமஸ்காரம் பண்ணினாள். சேஷன் அவள் தலையில் கை வைத்தார். எடுக்க மனசு வரவில்லை. ஊதுகுழல் ஒரு தடவை ஊதியது.

"குழந்தே, நீ அந்தப் பக்கம் போ. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"ஒரு தடவை பாருங்கோப்பா. நான் ஏறி நின்னதும் ஒரே ஒரு தடவை."

"பார்த்தா எழுத முடியாதுடி."

நயினார் பிள்ளை அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். சேஷன் ரயில் பெட்டியின் பக்கமாகத் திரும்பி, மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டார். கதவுக்குப் பக்கத்தில் வெள்ளையில் ஒரு இலக்கம் எழுதியிருந்தது. அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். பின்னால் சங்கிலி இழுபடுகிற சத்தம், யாரோ கூலி கூப்பிடுகிற சத்தம், பலகையில் வளைக்கரம் ஒன்று கிணுகிணுத்து ஏறுகிற சத்தம். காதால் கேட்டதைப் பற்றி ஷரத்தில் ஒன்றும் இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டி இலக்கம் கலங்கிப்போயிற்று. துடைத்துக்கொள்ளவில்லை, கலங்கினாலும் படித்தார். அப்பா என்று ஒரு குரல் வந்தது. பெட்டியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்திராவிட்டால் திரும்பியிருப்பார். ஊதுகுழல் நீளமாக ஊதியது. தண்ணீர் அடித்துப் புரளுகிற சத்தம் கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் போயிற்று. அதுவும் அடங்கிப்போன பிறகு நயினார் பிள்ளை வந்து பக்கத்தில் நின்றார்.

"வண்டி போயாச்சா, பிள்ளை?" என்று திரும்பாமல் கேட்டார் சேஷன்.

"போயிட்டு, சாமி."

"குழந்தை?"

நயினார் பிள்ளை தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க திரும்பிப் பாப்பியன்னு, கண்ணுக்கு மறையுத வரைக்கும் கம்பியப் புடிச்சுக்கிட்டே நிண்ணுது, சாமி."